கழி தட்டும் வரை

மோகனாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அந்தச் செமஸ்டர் முழுக்க அவள் குரல் தாழ்ந்தேதான் இருந்தது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கடலோரச் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி, பழைய கப்பல் கம்பெனிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் பல்கலைக்கழகத்தின் நடனத் துறை இருந்தது. அங்கே மோகனாவுக்குக் கொடுத்திருந்த பாடம், ஒத்திகை இல்லாமல் ஆடுவது. அடுத்த அடி என்னவென்று தெரியாமல் காலைத் தூக்க வேண்டும், தூக்கிய பிறகு கண்டுபிடிக்க வேண்டும். மெல்பர்னுக்குப் போய் இதைப் படித்துவிட்டு வந்தவள் அவள். இங்கே வந்து பார்த்தால் வகுப்பில் ஆறு பேர். ஆறு பேரும் பால்பல் விழுகிற வயதிலிருந்து கோயில் மண்டபங்களில் தட்டடவு போட்டு வளர்ந்தவர்கள். அடவு சொன்னால் கத்தியால் வெட்டினாற்போல் ஆடுவார்கள். "உங்களுக்குத் தோன்றுவதை ஆடுங்கள்" என்றால் ஆறு பேரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். "இங்க யாரும் சரியா ஆட வேணாம். ரிஸ்க் எடுங்க. அது போதும்."

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிற யுகேந்திரன் கை தூக்கினான். "டீச்சர், ரிஸ்க் எடுத்தா எத்தன மார்க்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மோகனாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஆறு பேரும் பேனாவை எடுத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு அத்தோடு போய்விட்டது.

அடுத்த வகுப்புக்கு எல்லோரும் வீட்டுப்பாடம் மாதிரி ரிஸ்க் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். யுகேந்திரன் நாற்காலி மேலிருந்து குதித்தான். தனுஜா தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தரையில் உருண்டாள். ஒவ்வொருவரும் முடித்துவிட்டு, "சரியா டீச்சர்?" என்று கண்ணால் கேட்டார்கள். என்னை மோகனா என்றே கூப்பிடுங்கள் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "சரி டீச்சர்" என்றார்கள்.

அவர்களில் காமினிதான் அவளுக்குத் தலைவலி. ஆசையும் அவள் மேல்தான். சிம்பாங் அம்பாட்டில் வீடு, அப்பாவுக்குப் பக்கத்து ஊரான பத்து காவானில் ஃபேக்டரி வேலை. காமினி காலைத் தரையில் வைத்தால் அறையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், அப்படி ஒரு ஆட்டம். ஆனால் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. நீல நிற இன்ஹேலர் எப்போதும் அவளுடைய சிவப்புப் பையின் பக்கவாட்டில் இருக்கும், பை கண்ணாடிச் சுவரோரம் இருக்கும். மூச்சு வாங்கும்போது அவள் பைக்குப் போகமாட்டாள். ஆடிக்கொண்டே மோகனாவைப் பார்ப்பாள். மோகனா தலையசைத்தால்தான் போவாள். அசைக்காவிட்டால் ஆடுவாள்.

மாணவர் பதிவு நாளன்று காமினியின் அம்மா தனலெட்சுமி கூடவே வந்திருந்தார். மகளைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டு மோகனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ கேக்கமாட்டா டீச்சர். சின்னதுல இருந்தே அப்படித்தான். தாளக் கழி தட்டி முடிக்காம எடம் விட்டு நகரக் கூடாதுன்னு பழைய டீச்சர் சொல்லிக் குடுத்தது, அப்படியே ஒடம்புல ஏறிப்போச்சு. நீங்கதான் பாத்து, போய் எடுத்துக்கம்மான்னு சொல்லணும்."

"கவலைப்படாதீங்கக்கா. அத நான் மாத்தித் தரேன்" என்றாள் மோகனா.

தனலெட்சுமி கேட்டது அதுவல்ல. ஆனால் படித்தவர்கள் ஒன்று சொன்னால் மறுத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கும் இல்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிந்தது, இங்கே பினாங்கில் கண் எரிந்தது. ஃபெர்ரிப் படகு கரையை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே காணாமல் போகும். எதிர்க்கரை இருக்கிறது என்று நம்ப மட்டும்தான் முடிந்தது. வெளியில் நடக்கிற வகுப்புகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். குளிர்சாதனம் உள்ள அறைகளில் நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. மோகனா தானே ஸ்டூல் போட்டு ஏறி, நடன அறைச் சன்னல் இடுக்குகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தாள்.

அந்த வாரத்தில்தான் அவள் முதன்முறையாகத் தலையசைக்காமல் இருந்து பார்த்தாள். காமினியின் நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் கேட்டது. காமினி பார்த்தாள். மோகனா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போய் எடு, உன் பை, உன் மருந்து, உன் மூச்சு, நீயே போய் எடு என்று மனதுக்குள் கத்தினாள். விசில் நிற்கவில்லை, கால்களும் நிற்கவில்லை. கடைசியில் மோகனாதான் தோற்றுப்போய்த் தலையசைத்தாள். பெண் ஓடிப்போய் மருந்தை இழுத்துவிட்டு, "தேங்க் யூ டீச்சர்" என்றாள்.

அந்த நன்றிதான் மோகனாவைக் குத்தியது. நான் தலையசைக்கிற வரைக்கும் இவள் மூச்சு விடமாட்டாள் என்றால் நான் இங்கே நடனம் சொல்லிக்கொடுக்கவில்லை, நாய் பழக்குகிறேன் என்று தோன்றியது. இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் இல்லாதவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருந்துவிடுகிறோம், நல்ல எண்ணம் உள்ளவர்களிடம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமை மதியம். கட்டடத்துக் காவல்காரர், ஜாகா முஸ்தஃபா, வாசலில் நாற்காலி போட்டு முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், லிஃப்டுல ஏறாதீங்க லா. காலையில இருந்து கரண்டு வந்து வந்து போவுது. படியிலயே போங்க."

"சரிண்ணே."

"இந்தப் பொகையில கிளாஸ் வேணுமா? புள்ளைங்களுக்கு லீவு உட்றலாம்ல?"

"உள்ள ஏர்கான் இருக்குண்ணே. இன்னைக்கு முக்கியமான கிளாஸ்."

"என்னமோ போங்க. எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு, வாசல் கேட்ட பூட்டிட்டுப் போறேன்."

"எங்களுக்கும் சேத்து வேண்டிக்குங்க" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

அறையில் எல்லோருடைய கைத்தொலைபேசிகளும் வழக்கம்போல் கூடைக்குள் போயின, அவளுடையதும் சேர்த்து. மோகனா பாயில் அமர்ந்து தட்டுப்பலகையை முன்னால் இழுத்துக்கொண்டாள். புதுவகை நடனத்துக்கு எதற்கு இந்தப் பழைய பலகையும் கழியும் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வதுண்டு. அதன் சத்தம் கேட்டால்தான் இந்தப் பிள்ளைகளின் உடம்பு திறக்கிறது, அவள் என்ன செய்வாள்.

"இன்னைக்கு ஆறு பேரும் சேந்து ஆடுறீங்க. பாட்டு கெடையாது. ஒங்க கால்தான் தாளம். தொடங்கி வைக்கிறேன்" என்றாள்.

அதற்கு மேல் சொல்லவில்லை. எப்போது முடிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டால் அதுவும் ஒரு கட்டளையாகிவிடும். மரியாதையான ஒரு நேரத்தில் மரியாதையாக முடித்துவிட்டு மார்க்குக்கு நிற்பார்கள். அதனால் பேசாமல் கழியால் தட்டினாள். கால்கள் தொடங்கின. தாளம் பிடித்துக்கொண்டதும், கழியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள், கதவைத் திறந்து வெளியே போனாள். கழியே அறையில் இல்லையென்றால் முடிப்பது தங்கள் கையில்தான் என்று புரிந்துகொள்ளமாட்டார்களா? கதவு வரைக்கும் காமினியின் கண்கள் பின்னாலேயே வந்தன. மோகனா அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எதிரே மாமாக் தேநீர்க் கடையில் ஒரு தே குடித்துவிட்டு வரலாம் என்பது அவள் கணக்கு. பின்பக்கக் கதவுச் சாவி அவளிடம் இருந்தது. அந்தப் பரபரப்பில் முஸ்தஃபா சொன்னது மறந்துபோனது. லிஃப்ட் கதவு திறந்திருந்தது, ஏறினாள். அது ஒரு மாடி இறங்குவதற்குள் உதறியது. விளக்கு அணைந்தது. நின்றுவிட்டது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. மணிப் பொத்தானை அழுத்தினாள். கீழே எங்கோ பேட்டரி மணி ஈனமாக ஒலித்தது. முஸ்தஃபா பள்ளிவாசலில் இருக்கிறார், முன்கதவு பூட்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமை மதியம் இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. கைத்தொலைபேசி மேலே கூடையில். எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மேலே கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. நடன அறை லிஃப்ட் குழியை ஒட்டினாற்போல் இருந்தது. பலகைத் தரை. ஒவ்வொரு தட்டும் அவள் தலைமேல் விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு அந்தச் சத்தம் ஆறுதலாகக்கூட இருந்தது. நன்றாகத்தான் ஆடுகிறார்கள் என்று நினைத்தாள்.

அப்புறம்தான் வேர்த்தது. இங்கே மின்சாரம் இல்லையென்றால் அங்கேயும் இல்லை. குளிர்சாதனம் நின்றிருக்கும். சன்னல்களை அவளே டேப் போட்டு அடைத்திருக்கிறாள். கதவையும் அவளேதான் சாத்தினாள். உள்ளே ஆறு பேர் குதித்துக் குதித்து இருக்கிற காற்றையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிறுத்துவார்கள். புழுக்கம் தாங்காமல் யாராவது நிறுத்துவார்கள். யுகேந்திரன் ஏதாவது கிண்டல் செய்வான், கதவைத் திறப்பார்கள். அவள் காத்திருந்தாள். கையிலிருந்த கழி வேர்வையில் நழுவியது. அதை இறுக்கிப் பிடித்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அவர்கள் யாரும் நிறுத்தமாட்டார்கள். டீச்சர் தட்டித் தொடங்கினார், தட்டி முடிக்கவில்லை. முடிக்காமல் கழியோடு வெளியே போயிருக்கிறார். அப்படியென்றால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. கோயில் மண்டபத்தில் கரண்டு போனால் இருட்டில் ஆடியவர்கள், மேடையில் சலங்கை அறுந்து விழுந்தால் அதன் மேலேயே மிதித்து ஆடியவர்கள். கழி தட்டும் வரை ஆடுவார்கள்.

"காமினி! போதும், நிறுத்துங்க!"

அவள் குரலுக்குக் கத்திப் பழக்கமில்லை. அது இரும்புச் சுவரில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது. கழியால் சுவரை அடித்தாள். டக், டக், டக். யாருக்காவது கேட்கட்டும். மூச்சு முட்டுகிற பயத்தில் தாளம் எதுவும் இல்லாமல், வேகமாக, இன்னும் வேகமாக அடித்தாள்.

மேலே கால்கள் ஒரு கணம் தடுமாறின. கேட்டுவிட்டது! பிறகு ஆறு ஜோடிக் கால்களும் ஒன்றுசேர்ந்து, அவள் அடித்த அதே வேகத்துக்கு ஏறின.

மோகனாவின் கை அந்தரத்தில் நின்றது. உதவிக்கு அடித்ததை அவர்கள் தாளமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். டீச்சர் எங்கிருந்தோ மூன்றாம் காலத்துக்குப் போகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். கை நின்றும் கால்கள் நிற்கவில்லை. கொடுத்த காலத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

முத்தாய்ப்பு அடிக்க வேண்டும். ததிங்கிணதொம், மூன்று முறை, தெளிவாக. அதைக் கேட்டால் முடிந்தது என்று நிற்பார்கள். இது முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று தன்னைத் திட்டிக்கொண்டே கழியை ஓங்கினாள். இருட்டில் அது கைப்பிடிக் கம்பியின் விளிம்பில் பட்டு முறிந்தது. ஒரு துண்டு எங்கோ தரையில் உருண்டது. மண்டியிட்டுத் தேடினாள், கிடைக்கவில்லை. கையில் மிஞ்சிய குச்சியால் தட்டினாள், முஷ்டியால் குத்தினாள். சொத் சொத்தென்ற சத்தம் மேலே கேட்ட இடிக்குள் அமுங்கிப்போனது.

அதன் பிறகு அவளால் செய்ய முடிந்தது காது கொடுப்பது மட்டுமே. ஒவ்வொருவர் காலும் அவளுக்குத் தெரியும். அந்தக் கனமான குதிகால் யுகேந்திரனுடையது. தேய்த்துத் தேய்த்து வைப்பவள் தனுஜா. காமினியின் கால் மட்டும் பலகையை முழுதாகத் தொட்டு, உடனே விலகும். அதைத் தேடினாள். இருந்தது. பிறகு இல்லை. பிறகு மறுபடி இருந்தது, ஒன்றுவிட்டு ஒன்று. கடவுளே, பையிடம் போ, போம்மா, நான் சன்னலைப் பார்த்தது தப்பு, போ என்று வாய்விட்டுப் புலம்பினாள். காமினியின் அம்மா கேட்டது ஒரே ஒரு தலையசைப்பு. அதைக்கூடக் கொடுக்காமல் வந்துவிட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

காமினியின் கால் நின்றது. மற்றவை ஓடின.

தரையில் ஏதோ விழுந்தது. அதற்கப்புறம் ஏதோ இழுபடுகிற சத்தம், மெதுவாக, விட்டு விட்டு, கண்ணாடிச் சுவர்ப் பக்கமாக. மோகனா சுவரில் காதை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். இழுபடுகிற சத்தம் நின்றது. கால்கள் இடித்துக்கொண்டே இருந்தன. வெகுநேரம் அந்த இடி மட்டும்தான் கேட்டது.

பிறகு, டக்.

கழி அவள் கையில் முறிந்து கிடக்கிறது. மேலே தட்டுப்பலகையில் யாரோ தட்டுகிறார்கள்.

ததிங்கிணதொம். ததிங்கிணதொம். மூன்றாவதுக்கு முன் ஒரு இடைவெளி விழுந்தது. ததிங்கிணதொம். கால்கள் ஒரே அறையாக அறைந்து நின்றன.

ஓடி வருவார்கள் என்று எதிர்பார்த்தாள். கதவு திறக்கும், யாராவது அழுவார்கள், டீச்சர் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். எதுவும் கேட்கவில்லை. இடியைவிட அந்த அமைதி மோசமாக இருந்தது.

முஸ்தஃபா தொழுகை முடிந்து வந்து, அவள் விடாமல் அழுத்திய மணிச்சத்தம் கேட்டு, சாவி போட்டு லிஃப்ட் கதவை நெம்பித் திறந்தார். "சொன்னேன்ல டீச்சர்" என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கை கொடுத்து மேலே தூக்கிவிட்டார். அவள் படிகளில் ஓடினாள், அவர் பின்னால் ஓடினார்.

கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தாற்போல் வெக்கை முகத்தில் அடித்தது. பழுப்பு வெளிச்சத்தில் ஐந்து பேர் முடிவு நிலையில் நின்றிருந்தார்கள். அரைமண்டி, கைகள் நீட்டியபடி. கைகள் நடுங்கின. தனுஜாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக் கை இறங்கவில்லை. யுகேந்திரனின் குதிகால் வைத்த இடத்தில் தரைப்பலகை ஈரமாக, சிவப்பாக இருந்தது.

காமினி மோகனாவின் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் இன்ஹேலர், இன்னொரு கையில் எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி. முன்னாலிருந்த தட்டுப்பலகை முழுக்கப் புதுத் தழும்புகள். உதடுகளில் நிறமே இல்லை. மோகனா அறைக்குள் வந்தால் முதலில் எழுந்து நிற்பவள் அவள். இப்போது எழுந்திருக்கவில்லை.

மோகனா அவள் முன்னால் மண்டியிட்டாள். காமினி புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள், பொறுங்கள் என்பதுபோல. மருந்தை ஒருமுறை இழுத்தாள். அவள் மூச்சு வருகிற வரைக்கும் டீச்சர் காத்திருந்தாள்.

"கீழருந்து தட்டுனீங்க" என்றாள் காமினி. "கேட்டுச்சு."

"லிஃப்டுல மாட்டிக்கிட்டேம்மா. ஒதவிக்குத் தட்டுனேன்."

"வேகமா ஆடச் சொல்றீங்கன்னு நெனச்சோம்."

தடுக்கத் தடுக்க மோகனாவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "ஆனா நிறுத்திட்ட பாரு. நீயா போய் எடுத்த. நீயா முடிச்ச. இதத்தான் காமினி நான் இத்தன நாளா..."

அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அந்த வெக்கையில், அந்த ரத்தத்துக்குப் பக்கத்தில், மறைக்க முடியாத சந்தோஷம். காமினி அதைப் பார்த்தாள். ஒரு புது அடவைக் கற்றுக்கொள்வதுபோல உன்னிப்பாகப் பார்த்தாள்.

"போன கிளாஸ்ல நான் ஒங்கள பாத்தேன். நீங்க சன்னல பாத்தீங்க."

"நீயா முடிவெடுக்கணும்னுதாம்மா."

"எடுத்துட்டேன் டீச்சர்."

காமினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முஸ்தஃபா வந்து அவள் சிவப்புப் பையை வாங்கிக்கொண்டார். "வாம்மா, மெதுவா. டாக்டர்ட்ட போயிருவோம்" என்றார். காமினி கூடையிலிருந்து தன் கைத்தொலைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வகுப்பு முடிந்தால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவள், இன்று தொடவில்லை. கதவருகே நின்று திரும்பினாள்.

"போறேன் டீச்சர்."

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பாள் என்று மோகனா தன்னை ஏமாற்றிக்கொள்ள முயன்றாள். படிகளில் அந்தக் கால்கள் இறங்குவது வெகுநேரம் கேட்டது. இடையிடையே நின்று, மூச்சு வாங்கி, தன் இஷ்டத்துக்கு இறங்கின.

"டீச்சர்" என்று பின்னாலிருந்து யுகேந்திரன் கூப்பிட்டான். பேச்சில் கிண்டல் இல்லை. உதடு மட்டும் அசைந்தது, கழுத்துகூடத் திரும்பவில்லை. "டீச்சர், கைய எறக்கலாமா?"

ஐந்து பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோகனா தன் கையைப் பார்த்தாள். முறிந்த கழி இன்னும் அதிலேயே இருந்தது. இறக்குங்கள் என்று சொன்னால் அதுவும் அவள் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் இப்படியே நிற்பார்கள்.

"எறக்குங்க" என்றாள், குரல் தாழ்ந்து.

பத்துக் கைகளும் ஒரே நேரத்தில் இறங்கின.